ரன் அவுட்டை வீடியோவில் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் சச்சினை ரன் அவுட் என்று கார்ல் லீபன்பர்க் டிவி பார்த்துச் சொன்னார். மூன்றாவது நடுவர் கொடுத்த முதல் அவுட் அது. இப்போது உள்ளூர்ப் போட்டிகளிலேயே கேமராவும் லேப்டாப்பும் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் புதிதாக உட்காருகிறவர்கள் எல்லோரும் பழைய இடங்களிலேயே இடறுகிறார்கள்.

விலகி நிற்கும் கேமரா

பாப்பிங் கிரீஸுக்கு, அதாவது பேட்ஸ்மேன் ஓடிவந்து தாண்ட வேண்டிய கோட்டுக்கு, நேராக நிறுத்துங்கள். பிட்ச் நடுப்பக்கமாக விலகினால், காற்றில் இருக்கும் பேட்கூட கோட்டைத் தாண்டியதுபோலத் தெரியும்.

இரண்டு பிரேமுக்கு நடுவே தீர்ப்பு

இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. சாதாரண வீடியோவில் நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படங்கள். வேகமாக ஓடும் பேட்ஸ்மேன் நொடிக்கு 7 மீட்டர் கடந்தால், ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்குள் 28 செ.மீ. நகர்ந்துவிடுவார். பேட்டின் அகலமே அதிகபட்சம் 10.8 செ.மீ.தான்!

ஓர் இறுதிப் போட்டியில் இப்படி நடந்தது. ஒரு பிரேமில் பந்து ஸ்டம்பைத் தொட்டிருக்கிறது, பெயில்ஸ் (ஸ்டம்ப் மேல் வைக்கும் சிறு கட்டைகள்) அசையவில்லை, பேட் கோட்டுக்கு வெளியே. அடுத்த பிரேமில் பெயில்ஸ் பறக்கிறது, பேட் உள்ளே. லேப்டாப் முன் இருந்த தம்பி முதல் பிரேமைக் காட்டி அவுட் என்றுவிட்டார். பந்து பட்டால் போதுமா? ஒரு பெயிலாவது ஸ்டம்ப் தலையிலிருந்து முழுசாக விலகியிருக்க வேண்டும். அது எப்போது விலகியது என்பது பதிவாகவே இல்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன் பேசாமல் வெளியே போனான். அந்த கேமராவில் நொடிக்கு 100 பிரேம் எடுக்கும் வசதி இருந்தது; டாஸுக்கு முன்னால் யாரும் செட்டிங்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மெதுவாக ஓட்டிப் பார்க்கிறோமே என்பார்கள். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் எடுக்காத படம் வராது. சில மென்பொருள்கள் இடைவெளியைத் தாமே ஊகித்து நிரப்பிவிடும், அதை வைத்து ஒருவரை வெளியே அனுப்பவே கூடாது. இரண்டு பிரேமும் இரண்டு கதை சொன்னால் நாட் அவுட். அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை.

கோட்டின் மேல் பேட்

அவுட். தாண்டித் தரையைத் தொட வேண்டும்.

துள்ளிய பேட்

ஓடியோ பாய்ந்தோ வந்தவர் கிரீஸுக்கு உள்ளே பேட்டை ஒருமுறை தரையில் ஊன்றிவிட்டால், அந்த வேகத்தில் அது பிறகு எழும்பினாலும் நாட் அவுட். 2017 அக்டோபரிலேயே மாறிய விதி இது. இன்னமும் எழும்பிய பிரேமில் நிறுத்தி அவுட் கொடுக்கிறார்கள். பின்னோக்கி ஓட்டி, பேட் முதலில் எங்கே ஊன்றியது என்று பாருங்கள்.

கேட்ச்

ரன் அவுட் கேமராவில் பார்க்காதீர்கள்.