அதிர்வெண் எண்ணியின் அளவெல்லையை நீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்டுயினோ ஊனோ என்ற நிரலாக்கப் பலகையில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லைக் கொண்டு வீட்டிலேயே அதிர்வெண் எண்ணி செய்தவர்கள், அதை 145 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ரேடியோ அலைவரிசை வரை கொண்டுபோக விரும்பும்போது, முன்னால் ஒரு பிரிஸ்கேலர் சில்லை, அதாவது அதிர்வெண்ணை 64 போன்ற ஓர் எண்ணால் வகுத்துக் குறைக்கும் சில்லைச் சேர்த்துவிட்டு, நிரலில் விடையை 64ஆல் பெருக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் இந்த நினைப்பிலிருந்தே தொடங்குகின்றன. எல்லையை நீட்டும்போது கேட் நேரம் (துடிப்புகளை எண்ணத் திறந்துவைக்கும் நேரம்), கடிகாரத்தின் துல்லியம், உள்ளீட்டுச் சுற்று ஆகிய எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கிறது.

முதலில் சில்லின் சொந்த எல்லையைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். ஏடிமெகா328பி, வெளியிலிருந்து வரும் துடிப்பைத் தன் கடிகாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பார்த்துத்தான் எண்ணுகிறது. ஆகவே 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 8 மெகாஹெர்ட்ஸ் வரை எண்ணலாம் என்பது ஏட்டுக் கணக்கு மட்டுமே, கடிகாரத்தை 2.5ஆல் வகுத்து வரும் 6.4 மெகாஹெர்ட்ஸைத்தான் தரவுத்தாள் பரிந்துரைக்கிறது. துடிப்பின் அகலத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 2 மெகாஹெர்ட்ஸ் அலையாக இருந்தாலும், அதன் மேல்நிலை பத்து விழுக்காடு நேரமே நீடித்தால் அது 50 நானோவினாடிதான். கடிகாரச் சுற்று 62.5 நானோவினாடி என்பதால் சில துடிப்புகள் கண்ணில் படாமலே போய்விடும், எண்ணியோ எந்தப் பிழையையும் காட்டாமல் குறைந்த விடையைத் தரும்.

பிரிஸ்கேலர் 1 கிகாஹெர்ட்ஸ் தாங்கும் என்பதால் எண்ணியும் 1 கிகாஹெர்ட்ஸ் அளக்கும் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. 64ஆல் வகுக்கும் சில்லுடன் ஏடிமெகாவின் எல்லை 409.6 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடுகிறது. 435 மெகாஹெர்ட்ஸை 64ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.8 மெகாஹெர்ட்ஸ் வருவதால், அங்கே 128ஆல் வகுப்பதே சரி. கீழ்ப்பக்கத்திலும் ஓர் ஓட்டை விழுகிறது. பல பிரிஸ்கேலர்களுக்குக் குறைந்தபட்ச அதிர்வெண் உண்டு. எஸ்ஏபி6456 சில்லுக்கு அது 70 மெகாஹெர்ட்ஸ். நேரடி உள்ளீடு 6.4 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிட, 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை வரிசைகள் முழுவதும் இடையில் விடுபட்டுப்போகும். 74ஏசி குடும்பத்துச் சில்லுகளால் 16ஆல் வகுக்கும் தனி வழி ஒன்றை இதற்காக அமைத்துக்கொள்வது நல்லது.

வகுத்தலுக்குக் கொடுக்கும் விலை நுணுக்கத்தில் தெரிகிறது. ஒரு வினாடி கேட் நேரத்துடன் 64ஆல் வகுத்தால், ஓர் எண்ணிக்கை என்பது 64 ஹெர்ட்ஸ். அப்படியிருக்கத் திரையில் கடைசி ஒற்றை ஹெர்ட்ஸ் வரை இலக்கங்களைக் காட்டுவது பயனரை ஏமாற்றுவதாகும். கேட் நேரத்தை 0.64 வினாடியாக வைத்தால் ஓர் எண்ணிக்கை சரியாக 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். பெருக்கலே தேவையில்லை, புள்ளியை இடம் மாற்றினால் போதும். 128ஆல் வகுப்பவர்கள் 1.28 வினாடி வைத்துக்கொள்ளலாம். இரண்டு எண்களில் ஒன்றால் வகுக்கும் இரட்டை வகுப்பு வகைப் பிரிஸ்கேலர்களில், எம்பி501 போன்றவற்றில், 64ஆ 65ஆ என்று தீர்மானிக்கும் முனையை உறுதியான மின்னழுத்தத்தில் கட்டிவைக்க வேண்டும். தவறி 65இல் நின்றால் 145 மெகாஹெர்ட்ஸ் 142.769 என்று தெரியும்.

நிரலில் நேரும் தவறுகளில் மிகவும் அலைக்கழிப்பது டைமர் நிரம்பி வழியும் இடம். ஏடிமெகாவுக்குள் துடிப்புகளை எண்ணும் பகுதியான டைமர்1இன் கொள்ளளவு 65,536; அது நிரம்பினால் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 0.64 வினாடியில் 14,50,000 எண்ணிக்கை வருவதால், டைமர் 22 முறை நிரம்பி, மீதமாக 8,208 நிற்கும். கேட் மூடும் அதே கணத்தில் டைமர் நிரம்பினால், அதைக் கணக்கில் சேர்க்கும் இன்டர்ரப்ட் (நிரலை இடைமறித்து ஓடும் சிறு பகுதி) இன்னும் ஓடியிராது. எண்ணியை அப்போது படித்தால் ஒரு நிரம்பல் தொலைந்துபோகும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த திரை எப்போதாவது ஒருமுறை சரியாக 6.5536 மெகாஹெர்ட்ஸ் குறைத்துக் காட்டினால், கம்பியையோ சிக்னலையோ சந்தேகிக்காமல் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். டைமரின் கடிகாரத் தேர்வு பிட்டுகளைச் சுழியமாக்கி முதலில் அதை நிறுத்திவிட்டு, பிறகு எண்ணிக்கையைப் படித்து, டைமர் நிரம்பியதைக் குறிக்கும் நிரம்பல் கொடி பிட் எழுந்திருந்தால் 65,536ஐக் கூட்டிக்கொள்வதே பிழையில்லாத முறை. கேட் நேரத்துக்கு, நிரலைக் காத்திருக்கச் சொல்லும் டிலே கட்டளையை நம்புவதும் கூடாது. 16 மெகாஹெர்ட்ஸை 128ஆல் வகுத்து, டைமர்2ஐ 250 எண்ணிக்கைக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திருப்பினால் 2 மில்லிவினாடி கிடைக்கிறது. அதை 320 முறை எண்ணினால் 0.64 வினாடி ஆகும். அந்த நேரத்தில் டைமர்0இன் இன்டர்ரப்டையும் அணைத்து வைக்க வேண்டும், ஏனெனில் ஒரு மைக்ரோவினாடி தாமதம்கூட இங்கே 200 ஹெர்ட்ஸுக்கு மேல் பிழையாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் கடிகாரம் பொய் சொன்னால் பயனில்லை. ஊனோ ஆர்3 பலகையில் ஏடிமெகாவுக்குக் கடிகாரம் தருவது கிரிஸ்டல் அல்ல, செராமிக் ரெசனேட்டர். அரை விழுக்காடு விலகல் என்றால் 145 மெகாஹெர்ட்ஸில் அது 725 கிலோஹெர்ட்ஸ்; எந்த நிலையத்தையும் அதை வைத்துச் சரிபார்க்க முடியாது. பத்து லட்சத்தில் 50 பங்கு விலகும் சாதாரணக் கிரிஸ்டலிலும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தவறும். வெப்பநிலை ஈடுசெய்த கிரிஸ்டல் அலைவியான டிசிஎக்ஸ்ஓ போட்டு, அதை ஜிபிஎஸ் தொகுதியின் வினாடித் துடிப்புடன் ஒப்பிடுவதுதான் என் பரிந்துரை. அந்தத் துடிப்பை துடிப்பு வந்த கணத்தைப் பதிவுசெய்யும் டைமர்1இன் உள்ளீட்டுப் பிடிப்பு முனையில் கொடுத்தால், இரண்டு துடிப்புகளுக்கு இடையே கடிகாரம் எத்தனை முறை துடித்தது என்று தெரியும். 1,60,00,480 வந்தால் கடிகாரம் பத்து லட்சத்தில் 30 பங்கு வேகமாக ஓடுகிறது; கேட் அதற்கேற்பச் சுருங்குவதால் 145 மெகாஹெர்ட்ஸின் விடை 4.35 கிலோஹெர்ட்ஸ் குறைவாக வரும். இன்னொரு மலிவான எண்ணியை வைத்துத் திருத்துவது அதன் பிழையையும் சேர்த்துக்கொள்வதே ஆகும்.

உள்ளீட்டுப் பக்கத்தில் பலரைக் குழப்புவது, எதையும் இணைக்காதபோதே திரையில் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் ஓடுவது. சுற்று கெட்டுவிட்டதென்று அவசரப்பட்டுச் சில்லைக் கழற்ற வேண்டாம். உள்ளீடு இல்லாதபோது தானாக அலைவது பல பிரிஸ்கேலர்களின் இயல்பு. உள்ளீட்டு முனை ஒன்றிலிருந்து தரைக்கு ஒரு மின்தடை கொடுத்தால் அது அடங்கும், ஆனால் உணர்திறன் சற்றுக் குறையும். அலைவு மெலிந்த சிக்னலுடன் கலந்து பொய்யான விடை தருவதுதான் உண்மையான ஆபத்து. எனவே சிக்னலின் வலிமையைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, விடை அசையாமல் நின்றால் மட்டுமே குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரிஸ்கேலரின் வெளியீட்டை நேராக ஏடிமெகாவுக்குக் கொடுப்பதும் தவறு. எம்பி501 ஏறத்தாழ 1.6 வோல்ட் ஏற்றஇறக்கமே தருகிறது. 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகாவுக்கு மேல்நிலை என்று உணர 3 வோல்ட் வேண்டும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் நிலை அவசியம். டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டை எண்ணியில் நேரடியாகச் செருகவே கூடாது. 50 ஓம் சுமையில் 5 வாட் என்பது உச்சிக்கு உச்சி 45 வோல்ட் அளவு. பிரிஸ்கேலர் உடனே போய்விடும். டிரான்ஸ்மிட்டரை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை ஏற்கும் மின்தடையில்) ஓடவிட்டு, இரண்டு மூன்று சுற்றுள்ள சிறு கம்பிச் சுருளை அதன் அருகே பிடித்தாலே எண்ணுவதற்குப் போதுமான சிக்னல் கிடைத்துவிடும்.