செயலியில் உணவுத் திட்டமிடல் கற்பிப்பது எப்படி: தராசு முதலில், திரை பிறகு

'பருப்புக் கறி, 120 கிராம்' என்று போசாக்கு மாணவி ஒருவர் கைபேசியில் பதிகிறார். தேடலில் வரும் வேகாத மைசூர்ப் பருப்பைத் தொட்டால் 420 கிலோகலோரியும் 29 கிராம் புரதமும் விழும். வேகவைத்த பருப்பைத் தொட்டால் 140 கிலோகலோரி, 11 கிராம் புரதம். வீட்டில் தேங்காய்ப்பால் விட்டுத் தாளித்த கறி இந்த இரண்டும் இல்லை. எதைத் தொட்டாலும் செயலி மறுபேச்சுப் பேசாமல் கூட்டிக் கொடுத்துவிடும். கற்பிப்பவர் முதலில் காட்டவேண்டியது இந்த இடத்தைத்தான்.

அதனால் முதல் வகுப்பில் கைபேசி மேசைக்கு வரவேண்டாம். இருபது மாணவர் என்றால் நால்வர் கொண்ட ஐந்து குழு. குழுவுக்கு 5 கிலோ வரை நிறுக்கும், ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு ஒன்று, 200 மில்லிலீற்றர் தேநீர்க் கோப்பை ஒன்று, மேசைக்கரண்டி, தேக்கரண்டி. பக்கத்துக் கடையில் குழுவுக்கொரு சோற்றுப் பார்சல் வாங்கிப் பிரியுங்கள். சோறு, பருப்பு, மீன், மரக்கறி, சம்பல் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் இருக்கும் என்று கண்ணால் மதித்துத் தாளில் எழுதிய பிறகே தராசில் வைக்கவேண்டும். மீன்முள், முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, ரம்பை எல்லாவற்றையும் தனியே நிறுத்துக் கழியுங்கள். சோறு மட்டும் 400 கிராம் வந்தால் அதுவே ஏறத்தாழ 520 கிலோகலோரி. மதிப்புக்கும் நிறைக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர் தம் கையெழுத்திலேயே பார்க்கட்டும்.

இரண்டாம் வகுப்பில் செயலி. இலவசப் பதிப்பே போதும். குரோனோமீட்டர் என்ற உணவுப் பதிவுச் செயலியில் ஒவ்வொரு பதிவும் எந்தத் தரவுத்தளத்திலிருந்து வந்தது என்று தெரியும். மைஃபிட்னஸ்பால் என்ற இன்னொரு செயலியில் பாவனையாளர்கள் தாமே சேர்த்த பதிவுகள் நிறைய. ஒரே இடியப்பத்துக்கு அங்கே நாலைந்து விதமான எண் கிடைக்கும். கற்பித்தலுக்கு முதலாவதே நல்லது, ஆனால் இரண்டாவதை ஒருமுறை திறந்து அந்தக் குழப்பத்தைக் காட்டுவதும் ஒரு பாடம். படம் பிடித்தால் கலோரி சொல்லும் வசதியை இந்தப் பாடத்தில் தொடவேண்டாம். சோற்றுக்கடியில் போன கறியும் தேங்காய்ப்பாலும் படத்தில் தெரியாது.

கணக்கைத் திறக்கும்போது மாணவர் தம் நிறையையும் உயரத்தையும் போடக் கூடாது. இச்செயலிகள் பெரும்பாலும் எடை குறைக்க வருபவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இருபது வயதுப் பிள்ளையின் உடம்பை வகுப்பு நடுவே எண்ணாக்குவது தேவையில்லாத வேலை. கற்பனை ஆள் ஒருவரைக் கொடுங்கள்: கொழும்புப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் 45 வயதுக்காரர், நீரிழிவு, நாளுக்கு நாலு சீனித் தேத்தண்ணி. குழுவுக்கு ஒரு ஆள் போதும்.

கறியைச் செயலிக்குள் கட்டுவது

இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும். நம்மூர்க் கறிக்குத் தேடலில் ஆயத்தப் பதிவு வந்தாலும் அதை எடுக்காமல், மூலப்பொருள்களைப் போட்டுச் சமையல் குறிப்பாக உருவாக்கச் சொல்லுங்கள். பருப்புக் கறியையே எடுப்போம். வேகாத மைசூர்ப் பருப்பு 200 கிராம், ஏறத்தாழ 700 கிலோகலோரி. தேங்காயின் முதற்பால் 100 கிராம், 230. வெங்காயம் 50 கிராம், 20. தாளிக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 120. மொத்தம் 1070 கிலோகலோரி, புரதம் 51 கிராம் அளவில். சமைத்து இறக்கிய கறி 850 கிராம் நின்றால், 100 கிராமுக்கு 126 கிலோகலோரியும் 6 கிராம் புரதமும். நம் மாணவியின் 120 கிராம் கறி 151 கிலோகலோரி, 7 கிராம் புரதம். முதலில் கிடைத்த 29 கிராமை இதற்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

சமைத்த நிறையைப் போட இடம் இல்லாத செயலியில், 'எத்தனை பரிமாறல்' என்ற இடத்தில் 85 என்று போடுங்கள். அப்போது ஒரு பரிமாறல் 10 கிராம். 120 கிராம் வேண்டுமென்றால் 12.

பாத்திரத்தை வெறுமையாக நிறுத்து அதன் பிடியில் எழுதி ஒட்டாமல் சமையலைத் தொடங்கவிடாதீர்கள். கறி கொதித்த பிறகுதான் இது பலருக்கும் நினைவு வரும், அப்போது செய்ய ஒன்றுமில்லை. மண்சட்டி நீரை உறிஞ்சி நிறை மாறும் என்பதால், ருசிக்கு எவ்வளவு நல்லதென்றாலும், வகுப்பில் அலுமினியப் பாத்திரமே சரி. எண்ணெய்க்குக் கரண்டிக் கணக்கை நம்பாமல் போத்தலை முன்னும் பின்னும் நிறுங்கள். கத்தரிக்காய் பொரிப்பதற்கும் அப்படித்தான்: தாச்சியில் ஊற்றிய எண்ணெயில் மிஞ்சியதைக் கழித்தால் காய் குடித்தது தெரியும்.

அதிகம் தவறுவது தேங்காயில். செயலியில் 'தேங்காய்ப்பால்' என்று ஆங்கிலத்தில் தேடினால் பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் பானமும் மேலே வந்து நிற்கும். அது தண்ணீர் கலந்தது, 100 மில்லிலீற்றருக்கு 20 முதல் 40 கிலோகலோரி. பிழிந்த முதற்பாலோ 230 அளவில். ஒரு தொடுகையில் கறியின் கொழுப்பு காணாமல் போய்விடும். இரண்டாம் பாலுக்குப் பொருத்தமான பதிவு கிடைக்காது. பிழிந்தபோது விட்ட தண்ணீரின் அளவை எழுதி, முதற்பாலில் தண்ணீர் சேர்த்ததாகக் கணக்கிட்டு, அது உத்தேசம் என்று பக்கத்தில் குறிக்கட்டும். சம்பலுக்குத் தேங்காய்ப்பூவை நேரடியாக நிறுக்கலாம்: 30 கிராமுக்கு 106 கிலோகலோரி.

சோற்றுக்கு விகிதம் ஒன்றை மனப்பாடம் செய்யவிடாதீர்கள். 100 கிராம் அரிசி 250 முதல் 300 கிராம் சோறாகும். சிவப்புப் பச்சையரிசி, சம்பா, நாட்டரிசி என்று குழுவுக்கொன்று வேகவைத்துத் தம் விகிதத்தைத் தாமே எடுக்கட்டும். கோப்பையிலும் கவனம்: செயலியின் 'கப்' அமெரிக்க அளவு, ஏறக்குறைய 240 மில்லிலீற்றர். நம் தேநீர்க் கோப்பை 200. எப்போதும் கிராமில் பதிவதே வழி.

பெயர் இன்னொரு தடை. வல்லாரை, பொன்னாங்காணி என்று தமிழில் தேடினால் பெரும்பாலும் வெறுந்திரைதான். கொட்டுகொல, முக்குனுவென்ன என்ற சிங்களப் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டால் சிலவேளை கிடைக்கும். கிடைத்தாலும் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் இலங்கை உணவுக் கூறு அட்டவணையோடு ஒப்பிடவேண்டும். அதில் இல்லாததற்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 இந்திய அட்டவணை உதவும். இலைக்கறி, மீன், கிழங்கு என்று முப்பது உணவுகளின் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பெயர்களை வகுப்பே ஒரு தாளில் தொகுத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்காரருக்கும் ஆகும்.

நாள் கணக்கிலிருந்து மெனுவுக்கு

ஒரு நாளின் கூட்டல் சரியானாலும் அது மெனு ஆகிவிடாது. விடுதிக்கு எட்டு நாள் சுழற்சி போட்டால் ஒரே கறி எப்போதும் ஒரே வார நாளில் வராது என்று பாடநூல் வழியில் சொல்வதுண்டு. கொழும்பில் அது சரிவராது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றிருக்கும் பிள்ளைகளின் தட்டில் ஏதோ ஒரு வாரம் மீன் வந்து விழும். கிழமையோடு ஒட்டி நிற்கும் 14 அல்லது 28 நாள் சுழற்சி எடுத்து, வெள்ளியை முதலில் நிரப்பி, பிறகு மற்ற நாள்களுக்குப் போங்கள். ஹலால் இறைச்சி தேவையானவர்கள் இருந்தால் கொள்வனவுப் பட்டியலிலேயே குறிக்கவேண்டும். இதற்கெல்லாம் செயலியில் கட்டம் கிடையாது, விரிதாள்தான்.

கொள்வனவுக் கணக்கும் விரிதாளில்தான். முப்பது பேருக்குத் தலைக்குச் சமைத்த மீன் 60 கிராம் என்போம். சமையலில் கால்வாசி குறையும், எனவே பச்சைச் சதை 80 கிராம். தலையும் முள்ளும் போக உண்ணக்கூடியது 60 சதவீதம் என்றால் 133 கிராம் முழு மீன், முப்பது பேருக்கு 4 கிலோ. அந்த 60 சதவீதம் மீனுக்கு மீன் மாறும். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய மீனை அன்றே வெட்டி நிறுத்து எடுக்கட்டும், விலையையும் அன்றே எழுதட்டும்.

செயலி காட்டும் சுழியத்தை நம்பாமலிருக்கப் பழக்குங்கள். பொதி லேபலிலிருந்து ஏற்றிய பதிவுகளில் துத்தநாகமோ ஃபோலேற்றோ அளக்கப்படாமலே இருக்கும், கூட்டலில் அது சுழியமாகவே சேரும். 'குறைபாடு' என்று மாணவர் அறிக்கை எழுதுமுன் அந்தப் பதிவைத் திறந்து தரவு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உப்பையும் மறப்பார்கள்: 5 கிராம் உப்பில் ஏறத்தாழ 2000 மில்லிகிராம் சோடியம். உப்புப் போத்தலையும் எண்ணெய்ப் போத்தலைப் போல முன்னும் பின்னும் நிறுங்கள். மதியச் சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், சம்பலில் தேசிக்காய் பிழிந்தால் கூடும். இரண்டு நாளுக்கும் செயலி ஒரே எண்ணைத்தான் காட்டும்.

புள்ளியிடும்போது செயலித் திரையைப் பிடித்த படத்தை (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் வாங்காதீர்கள், அதை ஒருவர் செய்து நால்வர் அனுப்பலாம். ஒரு தாளில் நாலு நிரல் கேளுங்கள்: கண்மதிப்பு, நிறுத்த நிறை, செயலியின் எண், உணவுக் கூறு அட்டவணையின் எண். கடைசி இரண்டுக்குமிடையே 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்த ஒவ்வொரு வரிக்கும் காரணம் ஒரு வசனத்தில். பாதிப் புள்ளி அந்த வசனங்களுக்கு.