சுண்டெலிக் கண்ணில் புதுக் குருதிக்கலன்கள்: படமெடுக்கும்போது விடக்கூடாத பிழைகள்

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ உயிரியல் முடித்து விழித்திரை ஆய்வுக்குள் வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: படத்தில் பளிச்சென்று தெரிவதெல்லாம் புதுக் குருதிக்கலன் அல்ல.

எலியின் கண்ணில் இலேசரால் புதுக்கலன்களை வரவைத்து ஆராயும் இலேசர் மாதிரியை எடுப்போம். 532 நனோமீற்றர் பச்சை இலேசரால் விழித்திரைக்கு அடியிலுள்ள மெல்லிய புரூக் மென்சவ்வைத் துளைத்தால், அதன் அடியிலுள்ள குருதிக்கலன் படையான கோரொயிட்டிலிருந்து புதுக் கலன்கள் விழித்திரைப் பக்கம் ஏறும். இலேசர் சூடு விழும் கணத்தில் சிறு குமிழி ஒன்று எழ வேண்டும். மென்சவ்வு கிழிந்ததற்கு அதுவே அடையாளம். குமிழி வராத இலேசர் புள்ளியையும் இரத்தம் கசிந்த புள்ளியையும் அன்றே குறித்து விலக்குங்கள். பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிப்போனவற்றை எப்படி விலக்குவது என்ற விதியையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஏழாம் நாள் படத்தைப் பார்த்துவிட்டு விலக்கத் தொடங்கினால், நமக்குப் பிடித்த முடிவை நாமே பொறுக்கி எடுத்ததாகிவிடும்.

எலியின் இனத்தையும் பாருங்கள். C57BL/6N வகையில் rd8 என்ற மரபணுப் பிறழ்வு இருக்கிறது. அதனால் விழித்திரையில் வரும் வெண்புள்ளிகளை மருந்தின் விளைவென்றோ நோயென்றோ எடுத்துவிடுவது எளிது. C57BL/6J வகையில் இந்தச் சிக்கல் இல்லை.

மட்டக்களப்பு வெக்கைக்கு ஏசியை 18 பாகையில் வைப்பது நமக்குச் சுகம், மயங்கிக் கிடக்கும் எலிக்குக் கேடு. கெற்றமினும் சைலசினும் கொடுத்து மயக்கிய எலியின் உடல் விரைவில் குளிரும், கண் வில்லை வெளிறும். எலி கண் சிமிட்டாததால் விழிவெண்படலமும் காய்ந்துவிடும். அப்போது எடுத்த மங்கல் படத்தில் கசிவு குறைந்ததுபோலத் தெரியும். சூட்டு மெத்தையை 37 பாகையில் வையுங்கள், செயற்கைக் கண்ணீர்த் துளியை அடிக்கடி விடுங்கள். குளிரால் வந்த வெளிறல், எலி சூடேறி விழித்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும். அந்தக் கண்ணைக் கழிக்காமல் இன்னொரு நாள் எடுக்கலாம்.

அதிகம் தவறுவது, ஒளிரும் சாயமான புளோரசீனைச் செலுத்திக் கசிவைப் பார்க்கும் படத்தில்தான். சாயத்தை வயிற்றறையில் செலுத்தினால் அது மெல்ல மெல்லப் பரவும். ஓர் எலியை மூன்றாம் நிமிடத்திலும் அடுத்ததை பத்தாம் நிமிடத்திலும் எடுத்து ஒப்பிட்டால், அளந்தது மருந்தையல்ல, கடிகாரத்தை. எல்லா எலிக்கும் அதே நிமிடங்கள், கமெராவின் அதே உணர்திறன், அதே வெளிச்சம். தொடக்கப் படம் ஒன்று, பிந்திய படம் ஒன்று எடுங்கள். பிந்திய படத்தில் வெளிச்சம் கூடி ஓரமும் மங்கி விரிந்தால் கசிவு. வெளிச்சம் கூடியும் ஓரம் கூர்மையாகவே நின்றால், தழும்பு சாயத்தை உறிஞ்சியிருக்கலாம். கசிவு குறைந்ததை வைத்து கலன் சுருங்கியது என்று எழுதாதீர்கள். VEGF-ஐ (கலன் வளர்ச்சியையும் கசிவையும் தூண்டும் புரதம்) தடுக்கும் மருந்து, கலன்கள் அங்கேயே இருக்கக் கசிவை மட்டும் அடக்கலாம்.

கலனின் பரப்பு வேண்டுமென்றால் திசுவைத் தட்டையாக விரித்து குருதிக்கலன் சுவரில் ஒட்டும் புரதமான ஐசோலெக்டின் B4 கொண்டு சாயமிடுங்கள். இதற்குக் கல்சியம் அவசியம். கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் EDTA கலந்த கரைசல் இருந்தால் சாயம் ஒட்டாது. நோயெதிர்ப்புக் கலங்களான மைக்குறோகிளியாவும் மக்ரோபேஜும் இதே சாயத்தை ஏற்கும், ஆகவே தனித்தனியாகக் கிடக்கும் கலங்களைக் குருதிக்கலன் பரப்பில் சேர்க்காதீர்கள். ஒளியால் விழித்திரையின் படைகளையும் குருதியோட்டத்தையும் படமெடுக்கும் ஓசிடி-ஆஞ்சியோகிராபிக்குச் சாயம் வேண்டாம், ஆனால் அது ஓட்டத்தைத்தான் காட்டும், கசிவைக் காட்டாது. மேலுள்ள விழித்திரைக் கலனின் நிழல் ஆழப் படையில் விழுந்து புதுக்கலன் போலத் தெரிவதும் உண்டு.

ஒட்சிசனைக் கொண்டு புதுக்கலன்களை வரவைக்கும் ஒட்சிசன் மாதிரியில் குட்டிகள் பிறந்த 7ஆம் நாளிலிருந்து 12ஆம் நாள்வரை 75 சதவீத ஒட்சிசனில் இருக்கும். புதுக்கலன்கள் உச்சம் தொடுவது 17ஆம் நாள் அளவில். 25ஆம் நாள் நெருங்கையில் அவை தாமாகவே மறையும், எனவே தாமதித்து எடுத்தால் எந்த மருந்தும் வேலைசெய்ததுபோலத் தெரியும். குட்டிகளை நிறுத்துப் பதியுங்கள்: மெலிந்த குட்டியின் விழித்திரை வேறு வேகத்தில் ஆறும். இடையில் மின்சாரம் போனால், ஒட்சிசன் அளவு எவ்வளவு நேரம் எவ்வளவுக்கு இறங்கியது என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பத்து எலி, இரு கண், கண்ணுக்கு நாலு புள்ளி என்றால் 80 அளவீடு கிடைக்கும். ஆனால் புள்ளியியல் கணக்கில் மாதிரி எண்ணிக்கை பத்துதான். ஓர் எலியின் புள்ளிகள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. அளப்பவருக்கு எந்த எலிக்கு எந்த மருந்து என்பது தெரியக்கூடாது. கோப்பின் பெயரிலேயே மருந்தின் பெயரை எழுதிவைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.