கார்ட்லெஸ் டிரில் வாங்கியாச்சா? ஜன்னல் மேல் லிண்டலைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக கார்ட்லெஸ் டிரில் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்யும் முதல் வேலை, ஜன்னலுக்கு மேலே கர்ட்டன் ராடு மாட்டுவது. சென்னை ஃப்ளாட்டுகளில் இருப்பதிலேயே கஷ்டமான துளை அதுதான், ஏனென்றால் ஜன்னலுக்கு மேலே லிண்டல் என்ற காங்கிரீட் பட்டை இருக்கும். அது தெரியாமல் ஆரம்பித்து, பிட் (துளை போடும் கம்பி) உள்ளே போகவில்லை என்றதும் மிஷின் சரியில்லை என்று கடைக்காரரிடம் போய் நிற்கிறார்கள். அதனால் அந்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன், அது கைவந்துவிட்டால் ஷெல்ஃப், கண்ணாடி, சாமி படம் எல்லாம் சுலபம்.

சுவரில் துளை போடும் எண்ணம் இருந்தால் ஹேமர் மோட் (சுழலும்போதே பிட்டை அதிரவைத்துத் தட்டும் வசதி) உள்ள 18 வோல்ட் மிஷினாக வாங்குங்கள். பெட்டியில் 20 வோல்ட் மேக்ஸ் என்று போட்டிருந்தாலும் அதே சமாச்சாரம்தான், உள்ளே இருப்பது அதே ஐந்து செல் அடுக்கு. 12 வோல்ட் மிஷின் கைக்கு அடக்கமானது, மர வேலைக்கும் ஸ்க்ரூ முடுக்கவும் எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் சுவருக்கு வேண்டாம். கூடவே இலவசமாக வரும் பிட் செட்டை நம்பாமல், பிராட்வே பக்கம் போனால் நல்ல 6 மி.மீ. மேசன்ரி பிட் (சுவரில் துளை போடுவதற்கென்றே உள்ளது) இரண்டு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட். கார்ட்லெஸ்ஸில் பெரிய சௌகரியமே மெயினை அணைத்துவிட்டு வேலை பார்க்கலாம் என்பது, இதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. சுவருக்குள் போகும் வயர் பைப் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலேயோ நேர் பக்கவாட்டிலோ ஓடும், அந்தக் கோட்டில் கை வைக்காதீர்கள். பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவர் என்றால் தண்ணீர்க் குழாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்த அடுத்த நொடியே அது வேலை செய்ய ஆரம்பித்து, லைட், ஃபேன் லைன்களில் 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். அதையும் தனியாக அணைத்துவிட்டு, அந்த அறை லைட் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். எரியவில்லை என்றால் மேலே போகலாம்.

பிட் மாட்டும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஃபார்வர்டு, ரிவர்ஸ் பட்டனை நடுவில் வைத்தால் டிரிக்கர் லாக் ஆகும் என்பது சரிதான், ஆனாலும் கழற்றுவதே என் வழக்கம். சக் என்கிற, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தைக் கையால் பிடித்துக்கொண்டு டிரிக்கரை அழுத்தி முடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், மணிக்கட்டைத் திருப்பிவிடும். மாட்டியதும் ஒருமுறை காற்றில் ஓட்டிப் பாருங்கள், பிட் நுனி ஆடினால் கழற்றி மறுபடி மாட்டவும். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் 30 மி.மீ. பிளக்குக்கு 40 மி.மீ. ஆழம் வேண்டும், நுனியிலிருந்து அந்த அளவில் பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். உள் பூச்சே அரை அங்குலம் இருக்கும், பிளக் அதைத் தாண்டி செங்கல்லுக்குள் உட்கார்ந்தால்தான் ராடு நிற்கும்.

இப்போது லிண்டல். ஜன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கப் போடும் காங்கிரீட் பட்டை அது, பெரும்பாலும் அரை அடி உயரம் இருக்கும், ஜன்னலின் இரண்டு பக்கமும் அரை அடியாவது சுவருக்குள் நீண்டிருக்கும். ராடு கிளாம்ப் வைக்க எல்லோரும் பென்சிலால் குறிக்கும் இடம் சரியாக அதன் மேல்தான் விழும். துளை போடும்போது தூளைப் பாருங்கள். முதல் அரை அங்குலம் சாம்பல் நிறத்தில் கொட்டும், அது பூச்சு. பிறகு சிவப்பாக மாறினால் செங்கல், கவலையில்லை. சாம்பலாகவே இருந்து, சத்தம் கீச்சென்று மாறி, பிட் அதே ஆழத்தில் நின்றால் காங்கிரீட். அங்கே உடம்பு பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாலும் பெரிதாகப் பிரயோஜனமில்லை, ஏனென்றால் இந்த மிஷினின் ஹேமர் மோட் என்பது இரண்டு பல் சக்கரங்கள் உரசிக் கொடுக்கும் சின்ன அதிர்வு மட்டுமே. பிஸ்டன் வைத்து அடிக்கும் ரோட்டரி ஹேமர் வேறு ஜாதி. அழுத்த அழுத்த மோட்டார் சூடாகும், பிட்டின் கார்பைட் நுனி மழுங்கும், பேட்டரியும் தீரும். கிளாம்ப்பை லிண்டலுக்கு மேலேயோ, பக்கவாட்டில் அது முடியும் இடத்துக்கு அப்பாலோ நகர்த்துங்கள். மேலே பீமே வந்துவிடுகிற வீடு என்றால் ரோட்டரி ஹேமர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் வழி.

துளை போடும் முறை: ஹேமர் இல்லாமல் மெதுவாக ஓட்டி ஒரு சின்னக் குழி, அப்புறம் ஹேமர் மோட். நடுநடுவே ஓடிக்கொண்டிருக்கும்போதே பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். ஸ்க்ரூ முடுக்க கியர் 1 (மெதுவான வேகம்), கிளட்ச் (முடுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் நம்பர் வளையம்) சின்ன நம்பரில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றவும், மோட்டார் நின்ற பிறகுதான் கியர் மாற்ற வேண்டும்.

கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி கட்டாயம், பவர் கண்ணாடி போதாது. சிமெண்ட் தூளில் சிலிக்கா இருப்பதால் நல்ல மாஸ்க்கும் வேண்டும். துணிக் கையுறை போடாதீர்கள், சுழலும் பிட் அதைச் சுற்றி இழுத்துவிடும். துப்பட்டா, விரித்த முடிக்கும் இதேதான். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி டிரில் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. சக்கைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டித் தூளைக் கொட்டவும், காற்று வரும் இடுக்குகளைக் காய்ந்த பிரஷால் துடைக்கவும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் பக்கம் இருப்பவர்கள் பிட்டுகளில் தையல் மிஷின் எண்ணெய் லேசாகத் தடவி வையுங்கள், உப்புக் காற்றுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். பேட்டரிக்கு எதிரி வெயில். கத்திரியில் மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள பரணிலும் ஸ்கூட்டர் டிக்கியிலும் வைக்காதீர்கள். வேலை முடித்த சூட்டோடு சார்ஜரில் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள். மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், மிஷினிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் நிழலான இடத்தில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: தூள் சாம்பலாகவே வருகிறது, ஆனால் பிட் சுலபமாக உள்ளே போகிறது, இது என்ன என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது நிலக்கரிச் சாம்பல் கலந்து செய்யும் ஃப்ளை ஆஷ் கல், பயப்பட வேண்டாம், நிறத்தோடு வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மைதா மாதிரி வெள்ளைத் தூள் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான காங்கிரீட் கல். அதில் ஹேமர் மோடைத் தொடாதீர்கள், துளை அகன்றுவிடும், சாதாரண பிளக்கும் பிடிக்காது. அதற்கென்றே தனி பிளக் இருக்கிறது, ஏஏசி பிளாக் என்று சொல்லியே கடையில் கேளுங்கள்.