லூபஸுக்கு ரத்த ஆர்.என்.ஏ. சோதனை: எங்கெல்லாம் தப்பு நடக்கிறது

நோயெதிர்ப்பு அமைப்பு சொந்த உடம்பையே தாக்கும் நோயான லூபஸ் உள்ள பலரின் ரத்த அணுக்களில், இன்டர்ஃபெரான் என்ற புரதம் தூண்டிவிடும் ஜீன்கள் ஒரு கூட்டமாக ஓங்கியிருப்பது 2003-லேயே ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. ஐ.எஃப்.ஐ.44எல், ஆர்.எஸ்.ஏ.டி.2 போன்ற ஜீன்களின் ஆர்.என்.ஏ. அளவு, அதாவது அந்த ஜீன்கள் வேலை செய்யும்போது உருவாகும் நகல்களின் அளவு, ஏறியிருக்கும். சரி, அப்படியானால் இது ஏறியிருந்தாலே லூபஸ் என்று சொல்லிவிடலாமா? கூடாது, பெரிய தவறே இங்கேதான் நடக்கிறது. இன்டர்ஃபெரான் வைரஸை எதிர்க்க உடம்பு சுரப்பது, சாதாரண ஃப்ளூ வந்தாலும் இதே ஜீன்கள் ஏறும், கண்ணும் வாயும் உலரும் ஷோக்ரன் நோயிலும், தசையையும் தோலையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸிலும் ஏறும்.

அதனால் லூபஸ் நோயாளிகளை நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களோடு மட்டும் ஒப்பிட்டு 'பிரமாதமான துல்லியம்' என்று சொல்லும் ஆய்வை நான் நம்புவதில்லை. டாக்டர் முன்னால் வந்து உட்காருபவர் மூட்டுவலியும் முகத்தில் தடிப்பும் விடாத காய்ச்சலுமாக வருகிறார், அவருக்கு இருப்பது லூபஸா, அதைப் போலவே தெரியும் வேறொன்றா என்பதைப் பிரித்துக் காட்டினால்தான் அந்தச் சோதனையால் பயன். எதிர்ப்பக்கமும் உண்டு: இன்டர்ஃபெரானின் வேலையைத் தடுக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற லூபஸ் மருந்தின் பெரிய மருந்து ஆய்வுகளில் சேர்ந்த லூபஸ் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த ஜீன்கள் ஓங்கியிருக்கவில்லை. ஆகவே அளவு குறைவு என்பதற்காக லூபஸ் இல்லை என்று அனுப்பிவிடவும் முடியாது.

அப்புறம் ரத்தம் எடுத்து வைக்கும் குழாய். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும், எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் மணிக்கணக்கில் மேசையில் வைத்தால் அணுக்களும் தங்கள் ஜீன் அளவுகளை மாற்றிக்கொண்டே இருக்கும், நாம் அளப்பது நோயை அல்ல, காத்திருந்த நேரத்தை. எடுத்தவுடனே ஆர்.என்.ஏ.வை அப்படியே நிறுத்திவைக்கும் திரவம் உள்ள குழாய்கள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் சேர்த்த குழாய் வேண்டாம், அது ஆர்.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். முறையைத் தடுக்கும். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் குட்டி ஆர்.என்.ஏ.க்களைத் தேடுபவர்கள் சிவப்பணு உடைந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள், சிவப்பணுக்குள் நிறைய இருக்கும் 451 எண் மைக்ரோ ஆர்.என்.ஏ. வெளியே கொட்டி எல்லாக் கணக்கையும் குழப்பிவிடும்.

நோயாளி ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்று கேட்காமல் விடுவதும் தவறுதான். ஸ்டீராய்டால் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் கூடும், லூபஸில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் குறையும், அணுக்களின் விகிதம் மாறியதையே ஜீன் மாறியதாக எழுதிவிட வாய்ப்பு உண்டு.

நோயாளிகளுக்கு ஒன்று: 2019-இல் வந்த ஐரோப்பிய, அமெரிக்க லூபஸ் வகைப்பாட்டு விதிகளில் ஆர்.என்.ஏ. சோதனை எதுவும் இல்லை. ஏ.என்.ஏ. (அணுக்கருவுக்கு எதிரான எதிர்ப்புரதம்), டி.என்.ஏ. எதிர்ப்புரதம், சி3, சி4 (ரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்புப் புரதங்கள்), சிறுநீரில் புரதம், இவற்றை டாக்டர் எழுதிக்கொடுத்தால் 'புதுச் சோதனை வரட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள், சிறுநீரகம் வலி காட்டாமலே கெட்டுக்கொண்டிருக்கலாம்.