நோயாளியைப் பராமரிப்பவர் தம்மைக் காத்துக்கொள்வது எப்படி?

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட தாயையோ தந்தையையோ ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு, அந்த நெருக்கடி மனத்தோடு நிற்பதில்லை. ஆபத்தின்போது உடலில் சுரக்கும் அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் ஆபத்து நீங்கியதும் தணிய வேண்டியவை. அவை மாதக்கணக்கில் தணியாதிருந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயரலாம், உறக்கம் கெடலாம், நோய் எதிர்ப்பாற்றலும் குறையலாம்.

எனவே முதலில் உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் மாத்திரை நேரத்தைத் தவறவிடாதவர்களே தம்முடைய மாத்திரையை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது உறக்கம். படுக்கைப்புண் வராதிருக்க ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருப்பதால், இரவு முழுவதையும் ஒருவரே சுமக்காமல், நள்ளிரவு வரை ஒருவர், பிறகு மற்றொருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் உறவினர்கள் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். ‘ஞாயிறு காலை 9 முதல் 12 மணி வரை அம்மாவோடு இருங்கள்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் வீட்டு வேலை செய்யாமல் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டிற்கே வந்து வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நோயாளிமீது எரிச்சல் வருவது பாசக்குறைவு அன்று, களைப்பின் அடையாளம். ஆயினும் சோர்வும் உறக்கமின்மையும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தோன்றினால் காத்திராமல் உடனே 14416 என்ற இலவச எண்ணில் டெலி மனஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையை அழையுங்கள், இரவிலும் தமிழில் பேசலாம்.