சின்னப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு: கையைக் கடிக்காமல் இடமும் வாத்தியாரும் தேடுவது எப்படி

எங்கள் பக்கத்தில் யாரும் பிள்ளைக்கு ஆண்கடலில் வைத்து நீச்சல் பழக்க மாட்டார்கள். மண்டபம், பாம்பன் ஆட்களுக்கு இது தெரிந்ததுதான்: தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அலை தூக்கி அடிக்கும், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். பிள்ளையை அந்தப் பெண்கடலில்தான் இறக்குவோம், அதுவும் வாடைக்காற்று ஓய்ந்த பிறகு. பனிமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போதும் இதே கணக்குதான். எந்த ஊர் பேர்பெற்றது, எங்கே கேபிள் கார் உயரமாகப் போகிறது என்பதெல்லாம் பெரியவர்கள் கேட்கிற கேள்வி. ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது பெண்கடல் மாதிரி ஒரு சரிவு, பொறுமையான ஒரு வாத்தியார். இந்த இரண்டையும் முதலில் பிடித்துவிட்டு அப்புறம் ஊர், ஓட்டல், டிக்கெட் என்று போனால் செலவும் குறையும், பிள்ளையும் சந்தோஷமாகத் திரும்பும்.

நாங்கள் முதல் தடவை இதைத் தலைகீழாகச் செய்தோம். அரையாண்டு லீவில் மணாலிப் பக்கம் போனோம், ஏஜென்ட் தந்த பேக்கேஜில் 'ஸ்கீ பயிற்சி உண்டு' என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் பனியை விடச் சேறுதான் அதிகம். ஒருவர் வந்து என் மகளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு மூன்று முறை கீழே சறுக்க விட்டார், போனை வாங்கி நாலு போட்டோ எடுத்துக் கொடுத்தார், இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "அம்மா, இவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவ்வளவு தூரம் கூட்டிப்போன பிள்ளை அப்படிக் கேட்டது மனசில் தங்கிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, அவளுக்கு எட்டு வயதும் தம்பிக்கு ஐந்து வயதும் ஆனபோது, பிப்ரவரியில் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போய் நாலு நாள் ஒரே வாத்தியாரிடம் விட்டோம். இரண்டு பேரும் தானாகச் சறுக்கி, தானாக நிற்கக் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

முதலில் மாதம். டிசம்பர் கடைசியில் நம் பள்ளிகளுக்கு அரையாண்டு லீவு, ஆனால் மலையில் அப்போது பனி நம்பிப் போகிற அளவுக்கு இருக்காது. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையான நாற்பது நாளைச் 'சில்லாய் கலான்' என்கிறார்கள், கடுங்குளிர்க் காலம். அதில் விழுந்து சேர்ந்த பனிமேல் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சறுக்குவதுதான் பிள்ளைகளுக்குத் தோதானது, வெயிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதனால் நான் சொல்வது இதுதான்: ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்றால் பள்ளியில் முன்கூட்டியே கேட்டுப் பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு எடுங்கள். புத்தாண்டுக் கூட்டம் போனபின் அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

சரி, எந்த ஊர்? இந்தியாவுக்குள் பிள்ளைகளோடு போக நான் யோசிப்பது மூன்று இடங்களை. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம், ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர். பனி நிறைய விழும், கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மேடுகள் பழகுகிறவர்களுக்கென்றே அமைந்த மாதிரி சாய்ந்திருக்கும். அங்கே கோண்டோலா என்கிற கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது, முதல் கட்டம் கோங்தூரி வரை, இரண்டாவது அஃபர்வத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டர் வரை. இரண்டாம் கட்டம் தேர்ந்தவர்களுக்கானது, பனிச்சரிவு ஆபத்தும் உண்டு, பிள்ளைகளுக்கு அந்த டிக்கெட்டே தேவையில்லை. பட்ஜெட்டில் பெரிய தொகை அங்கேயே மிஞ்சும். அவுலி உத்தரகாண்டில் சமோலி மாவட்டத்தில் இருக்கிறது, 2,500 முதல் 3,050 மீட்டர் வரை. சரிவு அருமை, ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர் மலைப்பாதை, வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அது பெரிய சோதனை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டபோது அவுலிக்குப் போகும் ரோப்வேயையும் நிறுத்தினார்கள், ஆகவே கிளம்பும் முன் எது ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மணாலிக்கு மேலே சோலாங் போய்வர எளிது, செலவும் குறைவு, ஆனால் பனி வருஷத்துக்கு வருஷம் மாறும், ஒரே நாளில் வந்துபோகிற கூட்டம் அதிகம். பிள்ளை கற்க வேண்டும் என்றால் என் ஓட்டு குல்மார்க்குக்கு.

எந்த ஊரானாலும் சரிவைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: இறக்கத்தின் அடியில் சமதளம் இருக்க வேண்டும். பிள்ளை நிறுத்தத் தெரியாமல் வந்தாலும் தானாக வேகம் குறைந்து நிற்கும்படி. கீழே மரமோ வேலியோ ரோடோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். ஸ்லெட்ஜ் வண்டியும் ஸ்னோ ஸ்கூட்டரும் குறுக்கே ஓடுகிற இடமும் வேண்டாம். குல்மார்க்கில் ஸ்ரீநகரிலிருந்து பகல் சுற்றுலா வண்டிகள் வந்து இறங்கும் முன், காலையிலேயே வகுப்பை முடித்துவிட்டால் மைதானம் பிள்ளைகளுக்கு விரிந்து கிடக்கும்.

வாத்தியாரைத் தேடுவதுதான் முக்கியமான வேலை, இதை ஊரிலிருந்தே போனில் செய்யுங்கள். அரசு நிறுவனங்கள் உண்டு: குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இருக்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம், மணாலியில் 1961 முதல் இருக்கும் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம், அவுலியில் பயிற்சி நடத்தும் கட்வால் மண்டல் விகாஸ் நிகம். கட்டணம் நியாயமாக இருக்கும், ஆனால் இவர்களின் வகுப்புகள் பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று வளர்ந்தவர்களை மனதில் வைத்து அமைத்தவை, ஆகவே வயது வரம்பைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சின்னப் பிள்ளைக்குத் தனி வாத்தியாரோ, பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு வைத்திருக்கும் பள்ளியோதான் பெரும்பாலும் சரிப்படும். அவரிடம் முதலில் விலையைக் கேட்காதீர்கள். "முதல் நாள் என் பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். மேலே கூட்டிப்போய்ச் சறுக்க வைப்பேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பூட்ஸ் போட்டு நடக்க வைப்பேன், ஒரு காலில் மட்டும் சறுக்குப் பலகை மாட்டித் தள்ளிப் பழக்குவேன், பக்கவாட்டில் ஏறச் சொல்லித் தருவேன், அப்புறம் நிறுத்தக் கற்றுத்தருவேன் என்று வரிசையாகச் சொல்கிறவர் பிள்ளைகளைப் பழக்கியவர்.

நிறுத்துவது என்றால், இரண்டு பலகையின் முன்நுனியும் சேர்ந்து பின்பக்கம் அகன்று, வள்ளத்து அணியம், அதாவது படகின் முன்முனை மாதிரி நிற்பது. பின்பக்கத்தை எவ்வளவு அகட்டுகிறோமோ அவ்வளவு வேகம் குறையும். என் மகளுக்கு அணியம் என்று சொன்னதும் பிடிபட்டது, தினமும் பார்க்கிறதுதானே.

அடுத்து, ஒரு வாத்தியாரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் நாலைந்துக்கு மேல் வேண்டாம், ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் நின்று குளிரில் விறைப்பார்கள். நாலு நாளும் அதே ஆள் வருவாரா என்பதும் முக்கியம், பிள்ளை முகத்துக்குப் பழகித்தான் பயத்தை விடும். ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம், அதிகபட்சம் இரண்டு. முழு நாள் கட்டணம் சேர்த்துப் பார்த்தால் மலிவாகத் தெரியும், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை மத்தியானத்துக்கு மேல் நிற்காது, அந்தப் பணம் வீண். பெரியவர்களும் கற்க ஆசைப்பட்டால் காலையில் பிள்ளைகளுக்கு, பிற்பகலில் உங்களுக்கு என்று ஒரே வாத்தியாரின் நாளைப் பிரித்துக்கொள்ளலாம். எங்களுக்குச் செலவு மிச்சமானதில் அது பெரிய பங்கு.

பாஷை பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் வாத்தியாருக்குக் காஷ்மீரியும் இந்தியும் கொஞ்சம் இங்கிலீஷும், என் மகனுக்குத் தமிழ் மட்டும். ரயிலில் போகும்போதே 'ருகோ' என்றால் நில்லு, 'தீரே' என்றால் மெதுவா, 'உட்டோ' என்றால் எழுந்திரு என்று விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தேன். வாத்தியாருக்கு 'நில்லு', 'பயப்படாதே' இரண்டையும் சொல்லிக் கொடுத்தோம். அவர் பின்னால் நடந்துகொண்டே, குனிந்து பையனின் இரண்டு பலகை நுனியையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு "நில்லு நில்லு" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

முதல் காலையில் பையன் ஒரு அடி நகர மாட்டேன் என்று அழுதான். குளிர் என்றுதான் நான் நினைத்தேன். வாத்தியார் பனியில் மண்டியிட்டு பூட்ஸ் கொக்கிகளைத் திறந்து காலை வெளியே எடுத்தார். தெர்மல் பேண்டின் விளிம்பு சுருண்டு பூட்ஸுக்குள் இறங்கியிருந்தது, அதற்கு மேல் நான் மாட்டிவிட்ட இரண்டாவது சாக்ஸ். கணுக்காலுக்கு மேலே கயிறு கட்டி எடுத்த மாதிரி சிவப்பாக ஒரு கோடு. அவர் தெர்மலை முழங்கால் வரை ஏற்றிவிட்டார், ஒரு சாக்ஸைக் கழற்றினார், மிச்சத்தை மடிப்பில்லாமல் நீவினார், குதிகாலைத் தரையில் ஒரு தட்டு தட்டிப் பின்னால் தள்ளிக் கொக்கியை மாட்டினார். பத்து நிமிஷத்தில் பையன் சமதளத்தில் நடந்துகொண்டிருந்தான். ஸ்கீ பூட்ஸுக்குள் முழங்கால் வரை ஏறும் ஒரே ஒரு சாக்ஸ் தவிர வேறெதுவும் போகக் கூடாது. இரண்டு சாக்ஸ் சூடு தராது, இறுக்கி ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காலை இன்னும் குளிர வைக்கும்.

பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில் வரும், எனவே வீட்டிலேயே பிள்ளையின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அளந்து அனுப்புங்கள். வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டாம், உள்ளே குதிகால் தூக்கினால் பலகையைத் திருப்பவே முடியாது. பலகை நிறுத்திவைத்தால் பிள்ளையின் நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவில் இருக்கட்டும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டுக்கு ஒரு இறுக்கம் உண்டு, விழும்போது கால் முறுகாமல் கழன்றுகொள்வது அதனால்தான், பிள்ளையின் எடையைச் சொல்லி உங்கள் கண்முன்னே சரிசெய்யச் சொல்லுங்கள். கையில் ஊன்றுகிற கம்பு சின்னவர்களுக்குத் தேவையில்லை, அந்த வாடகை மிச்சம். ஹெல்மெட் இல்லாமல் ஒரு அடியும் வேண்டாம், அதில் பணத்தைப் பார்க்காதீர்கள்.

பலகை, பூட்ஸ், ஹெல்மெட் வாடகைக்கு, உடம்போடு ஒட்டுகிறது சொந்தமாக. தெர்மல், ஃப்ளீஸ், நீர்புகாத கையுறை இரண்டு ஜோடி இவற்றைச் சொந்தக்காரப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கினாலும் சரிதான். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு வியர்வையை உறிஞ்சுகிற அதே பருத்தி அங்கே ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்பை ஜில்லிட வைக்கும். வெயிலையும் லேசாக எண்ணாதீர்கள். மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், புதுப்பனி 80 சதவீதம் வரை திருப்பும். நாள் முழுக்க அரியமான் கடற்கரையில் ஓடுகிற பிள்ளைக்கும் அங்கே கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

நாம் கடல் மட்டத்திலிருந்து போகிறவர்கள், உடம்பு பழக ஒரு நாள் தாருங்கள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், அங்கே ஓர் இரவு தங்கி மறுநாள் மேலே ஏறுங்கள், ஏறிய அன்றே வகுப்பு வேண்டாம். பிள்ளை தலைவலி என்று சொல்லத் தெரியாமல் சிணுங்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும். அப்படியே தொடர்ந்தால் காத்திருக்காமல் கீழே இறங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.

போக்குவரத்தில்தான் நமக்குப் பெரிய செலவு. ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 110 கிலோமீட்டர், அங்கிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர். பிள்ளைகளுக்கு மூன்று நாள் ரயில் பொறுக்கும் என்றால் கட்ரா வரை ரயிலில் போய் அங்கிருந்து ஸ்ரீநகர் வந்தே பாரத் பிடிக்கலாம். 2025 ஏப்ரல் 6 புதிய பாம்பன் பாலம் திறந்தது, சரியாக இரண்டு மாதம் கழித்து ஜூன் 6 செனாப் பாலத்தோடு அந்தப் பாதையும் திறந்தது. கடலிலிருந்து நிமிர்ந்து பாலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே ரயிலில் உட்கார்ந்து கீழே பார்ப்பதற்காகவே அந்த வழியைச் சொல்வேன். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள். இன்சூரன்ஸ் எடுத்தால் பனிச்சறுக்கு அதில் சேருமா என்று எழுத்தில் பாருங்கள், பல திட்டங்களில் சேராது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாப்பா துபாயில் இருக்கிற வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. அங்கே மாலுக்குள் இருக்கும் ஸ்கீ துபாயில் 2005 முதல் உள்ளரங்கச் சரிவு, உறைநிலைக்குச் சற்றுக் கீழே குளிர். விசிட் போகும்போது பிள்ளையை ஒரு வகுப்பில் விட்டுப் பாருங்கள், பிடித்தால் மலைக்குத் திட்டம் போடலாம். ஊரிலேயே என்றால் தனுஷ்கோடி மணல்மேட்டில் பக்கவாட்டில் ஏறி இறங்கப் பழக்குங்கள், பனியில் ஏறுவதும் அப்படியேதான்.

கடைசி நாளை வகுப்புக்கு ஒதுக்காதீர்கள். பனி கொட்டினால் குல்மார்க்கிலிருந்து அடிவாரத்துத் தங்மார்க்குக்கு இறங்கும் 13 கிலோமீட்டர் ரோட்டில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாமல் வண்டி ஓடாது, விமானமும் ரத்தாகும். ஊர் திரும்பும் முந்தின நாளே ஸ்ரீநகருக்கு இறங்கிவிடுங்கள்.